தொப்பியில் ஒரு நீலப் புள்ளி

குளிப்பாட்டுகிறவர்கள் கற்பூரம் கேட்டார்கள். பீரோவைத் திறந்து துணிகளுக்கு அடியில் துழாவிய சித்திகாவின் கையில் வெள்ளைத் தொப்பிதான் முதலில் வந்தது. இடப்பக்கம், நெற்றிக்குச் சற்று மேலே, பால்பாயிண்ட் பேனாவால் வைத்த நீலப் புள்ளி. கற்பூரத்தை மகள் ஷபீனாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, தொப்பியோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவள் கணவர் காஜா மொய்தீன் காலைத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனவர், குழாயடியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. பார்க்க வந்த டாக்டர், "அந்த மிஷினுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

"அண்ணி." கொழுந்தன் ஜாகிர் அறைத் திரைக்கு வெளியே நின்று பேசினான். "சாயங்காலம் அஸர் தொழுதுட்டுத் தூக்கணும். அதுக்கு முன்ன நீங்க வந்து, அண்ணன் செஞ்ச குத்தங்குறையெல்லாம் மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எல்லா வீட்லயும் சொல்றதுதானே."

இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு வார்த்தை. நன்றாக இருக்கிறது கணக்கு. சித்திகாவுக்கு எரிச்சல் வந்தது. யாரை மன்னிப்பது? டீ ஆறிவிட்டதென்று டம்ளரைச் சுவரில் அடித்த மனிதரையா? போன மாதம் ஆறிய டீயைப் பேசாமல் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தாரே, அவரையா? முதல் ஆளை மன்னிக்க மனம் வரவில்லை. இரண்டாவது ஆளை மிஷின்தான் செய்து கொடுத்தது. அவரிடம் மன்னிக்க என்ன இருக்கிறது? மய்யித்தாய்க் கிடக்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவும் அவளால் முடியாது.

திருமுடிவாக்கத்துப் பட்டறையில் அவர் கோபத்துக்கு ஓர் ஆள்கூட நிலைக்காமல் ஓடிய பிறகுதான் காஜா வைத்தியத்துக்கு ஒப்புக்கொண்டார். குரோம்பேட்டையில் ஒரு கிளினிக். மிஷின் பார்த்துக்கொண்டவர் ஃபிரெடி. "மனசை அடக்கி வைக்கிற இடம் மூளையில சோர்ந்து கிடக்கு பாய். கத்தியும் கிடையாது, ஊசியும் கிடையாது. வெளியிலேருந்தே காந்தத்தால தட்டித் தட்டி எழுப்புவோம். ரெண்டு வாரம் ஒரு மாத்தமும் தெரியாது. அதுக்கப்புறம் பாருங்க" என்றார். காந்தச் சுருளை வைக்க வேண்டிய இடத்தை டேப்பால் அளந்து, காஜா போட்டிருந்த தொழுகைத் தொப்பியிலேயே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தார். தினமும் அதையே போட்டு வரச் சொன்னார்.

நாலு நொடி டகடகவென்று தட்டும். பிறகு அரை நிமிஷம் சும்மா இருக்கும். அவர் காதிலும், கூட உட்கார்ந்திருக்கும் சித்திகாவின் காதிலும் பஞ்சு. ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில்கள் சத்தமே இல்லாமல் தாம்பரம் பக்கம் மிதந்து போகும். அவை போகின்றனவா, தானும் அவரும் அறையும்தான் நகர்கிறோமா என்று அவளுக்குக் குழம்பும். அந்த அரை நிமிஷங்களில் காஜா ஏதாவது கேட்பார். அவள் சொல்லும் பதில் அவர் காதில் விழாது. "சத்தமா சொல்லு புள்ள" என்பார். வீட்டில் குரலே எழுப்பாமல் காலத்தை ஓட்டியவள், அங்கே உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி மீன் விலை சொன்னாள்.

நாலாம் நாள் சாயங்காலம் பழக்கதோஷத்தில் தொப்பியைத் துவைத்துப் போட்டுவிட்டாள். காய்ந்ததும் பார்த்தால் புள்ளியைக் காணோம். அவருக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபடும். ஷபீனாவின் பேனாவை எடுத்துக் குத்துமதிப்பாக ஒரு புள்ளி வைத்தாள். இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

துக்கத்துக்கு ஃபிரெடி வந்திருப்பதாக இப்போது ஷபீனா வந்து சொன்னாள். கணவனை இழந்து இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆண் முன்னால் போகக் கூடாது. திரைக்கு அந்தப் பக்கம் அவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னாள்.

"தம்பி, தொப்பியில இருக்கிற புள்ளி நீங்க வச்சது இல்ல. துவைச்சுட்டேன். பயத்துல நானே ஒண்ணு வச்சேன். நீங்க அதுலயா மிஷினை வச்சீங்க?"

ஃபிரெடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லக்கா. நான் வச்சது கறுப்பு, வந்தது நீலம். கண்டுபிடிக்க மாட்டேனா? ரெண்டு விரல் தள்ளி இருந்துச்சு. திரும்ப அளந்து, சரியான இடத்துலதான் வச்சேன்."

அப்படியானால் அவர் மாறியதெல்லாம் மிஷினால்தான். சித்திகா தொப்பியை மடித்தாள்.

"அக்காகிட்டக் கேட்டுட்டு வரேன்னு எழுந்தேன். பாய் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'வேணாம்பா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அவ பயந்தே செத்துடுவா. அவளை அப்படி வச்சிருக்கேன்'னாரு. அப்புறம் தினமும் நீங்க டோக்கன் போடப் போற நேரத்துல அளந்துக்குவோம். நீங்க வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருப்போம்."

"இது எப்ப?"

"துவைச்ச மறுநாள்தான். அஞ்சாவது நாள்."

"அஞ்சு நாள்ல மிஷின் வேலை செஞ்சிருக்குமா?"

"செய்யாதுக்கா. மொத நாளே சொன்னேனே."

சித்திகா மடித்த தொப்பியைப் பிரித்தாள். அப்படியானால் அன்று பொறுத்துக்கொண்டது மிஷின் இல்லை, அவரேதான். அந்த மனிதர் மேல் ஆத்திரமும் பாசமும் சேர்ந்தே பொங்கின. இதை அவளிடமே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணி, நேரமாகுது" என்றான் ஜாகிர்.

ஆண்கள் வெளியே விலகிப் போனார்கள். கூடத்தில் கற்பூரமும் அத்தரும் கலந்து மணத்தன. கஃபன் துணியை முகத்துக்கு மட்டும் விலக்கியிருந்தார்கள். ஓதிக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்து நிறுத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் போயிற்று.

ரயில் போன பிறகும் அவள் அரை நிமிஷம் காத்திருந்தாள். பிறகு குனிந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். அதனால் சத்தமாகவே சொன்னாள்.