இடம் போதாத வசனம்

1
சபை இதழுக்கு "குடும்பத்தில் வேதம்" என்று இனிப்பாக ஒரு கதை கேட்டார் எங்கள் தோங்யோங் ஊர்ச் சபைப் போதகர். இனிப்பு வரவில்லை. வந்தது இதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி கொட்டிய அந்தப் புத்தாண்டுக் காலையில்—" (பொய். எங்கள் துறைமுகத்தில் அன்று நல்ல வெயில்.)

புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வசனச் சீட்டு எடுப்போம். அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் சொன்ன சொல். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவோம். பத்தொன்பது வருஷமாகச் சீட்டுகளை எழுதுகிறவள் நான். சீட்டு இரண்டு விரல் அகலம். நீள வசனங்களை வெட்டித்தான் எழுதுவேன்.

2
என் மருமகள் ஹேரிமுக்கு வந்த சீட்டு: அன்பு எல்லாவற்றையும் சகிக்கும்.

"பாத்தியா, ஆண்டவரே உன்ன எல்லாத்தையும் பொறுத்துக்கச் சொல்லிட்டாரு," என்று சிரித்தான் என் மகன் துசிக். நானும் சிரித்தேன். (இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

மார்ச்சில் அவள் தாடை வீங்கி என் வீட்டுக்கு வந்தாள். "கதவில் இடித்துக்கொண்டாள்" என்றுதான் முதல் பிரதியில் எழுதினேன். அவள் அப்படித்தான் சொன்னாள். நம்ப எனக்கும் வசதியாக இருந்தது. இரண்டாம் பிரதி: துசிக் அடித்தான்.

3
மறுநாள் துசிக், எங்கள் சபை மூப்பர் குவாக்கோடு வந்தான். கையில் சீட்டு.

"அம்மா, இது நீங்க எழுதினதுதானே? இவ இதுக்கு எதிராப் போறா."

"குடும்பத்த உடைச்சிராதீங்க அக்கா," என்றார் மூப்பர். "வசனம் தெளிவா இருக்கு."

"பாதிய வெட்டினவளே நான்தான் மூப்பரய்யா. இடம் பத்தல."

"வெட்டினாலும் வேதம் வேதந்தானே?"

"உங்க மக கல்யாணத்துக்கு நான்தானே அழைப்பு எழுதினேன்? 'வாருங்கள்'னு மட்டும் எழுதி, தேதியையும் இடத்தையும் வெட்டியிருந்தா யாரு வந்திருப்பா? இதுவும் ஒரு கடிதத்துல உள்ள வரிதான். சண்டை போட்டுக்கிட்டிருந்த சபைக்கு அப்போஸ்தலர் எழுதினது. கடிதத்த முழுசாப் படிக்கணும்."

வேதாகமத்தை மகன் மடியில் வைத்தேன். "மேல உள்ள வரியச் சத்தமாப் படிடா."

அன்பு தன் நலம் தேடாது, கோபப்படாது, அநியாயத்தில் மகிழாது. மூன்றாவதில் அவன் குரல் இறங்கியது.

"இது பொதுவாச் சொன்னதும்மா."

"ஓ! உனக்குன்னா பொது, அவளுக்குன்னா கட்டளையா?"

மூப்பர் எழுந்து செருப்பைத் தேடினார்.

4
குவாக்கை வில்லனாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகம். என் கணவரின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் அவர். நல்லவர்களும் அரை வசனத்தோடு வருவார்கள். அதனால் அவர் பேச்சில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்கப் போவதில்லை.

போதகருக்குப் பிடிக்கும் முடிவு: துசிக் முழங்காலில் விழுந்து அழுகிறான், அவள் மன்னிக்கிறாள், எல்லோரும் பாடுகிறார்கள்.

அவன் அழுதான், உண்மைதான். போன வருஷமும் அடித்துவிட்டு இப்படித்தான் அழுதானாம். ஹேரிம் இப்போதுதான் சொன்னாள். ஆகவே அந்த முடிவை—

வேண்டாம். அடித்துவிட்டேன்.

5
இன்று காலை அரிசிமாக் கட்டிகள் போட்ட சூப்பை ஆறவிட்டபடி ஹேரிம் கேட்டாள்: "அத்தை, உங்களுக்கு வேதம் தெரியும். நீங்க அவர்கிட்டத் திரும்பிப் போன்னு சொன்னா போயிர்றேன்."

இந்தக் கதையில் அடியைவிட என்னைப் பயமுறுத்திய இடம் இது. அவன் என் வயிற்றில் பிறந்தவன். நாக்கின் நுனியில் ஒரு வசனமும் தயாராக இருந்தது. விழுங்கினேன்.

"உனக்கு என்ன வேணும்? அதச் சொல்லும்மா."

அவள் கரண்டியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை போல.

போதகரே, ஈஸ்டர் இதழுக்குள் முடிவு வேண்டும் என்கிறீர்கள். தரமாட்டேன். வாசகரே, நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் பேசுவதற்கு முன்னால் எழுதாதீர்கள்.

வெளியே துசிக் கதவைத் தட்டுகிறான். தட்டட்டும். அவள் யோசிக்கிறாள்.