கடைசிச் சொல்லைக் கூட்டம் சொல்லும்

பெரில் மறுபடியும் கழிவறைக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள், திரும்பப் பூசினாள், அவ்வளவுதான். மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்தாள், மூடினாள். சிகரெட் ஒன்றைப் பற்ற வைத்து இரண்டு இழுப்பில் நசுக்கினாள்.

"ஏன்டி இப்படி நெளியிற? நாற்காலில எறும்பா?" என்றாள் பக்கத்திலிருந்த மொய்ரா. அதைச் சொன்ன மறுகணமே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று முகத்தை மாற்றிக்கொண்டு, "குடிக்க ஏதாவது வேணுமா கண்ணு?" என்று குழைந்தாள்.

இந்தக் குழைவுதான் பெரிலுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர் பஸ் டிப்போவில் யாருக்கு எந்தத் தடம், யாருக்கு எந்த நேரம் என்று ட்யூட்டி போட்டவள் அவள். டிப்போவே அவளைத் திட்டித் தீர்க்கும், அவளும் திருப்பித் திட்டுவாள். இன்றோடு அந்த வேலை முடிகிறது. பிரிவு விழாவுக்காக டிப்போ கிளப்பின் மாடி அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பீர், பன்றிக்கறி அடைத்த பணியாரம், வினிகரில் ஊறிய வெங்காயம், சிகரெட் புகை. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. மனிதர்கள்தான் வழக்கம்போல இல்லை.

பிப்ரவரியில் அவள் புருஷன் எர்னி இறந்துபோனான். அதே டிப்போவில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். அடக்கம் முடிந்த நாளிலிருந்து பெரிலைக் கண்டால் எல்லோரும் சர்ச்சுக்குள் நுழைந்தவர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று ட்யூட்டி போட்டால்கூட ஒருவனும் சண்டைக்கு வரமாட்டான் போலிருந்தது. எர்னி என்ற பெயரை அவள் காதுபட யாரும் உச்சரிப்பதே இல்லை. அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பதுபோல எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். நல்ல மனதோடு செய்கிற கொடுமை இது. திட்டவும் வழியில்லை.

அதனால்தான் இன்றைக்கு அவள் இப்படித் தவித்துக்கொண்டிருந்தாள். யார் வேலையை விட்டுப் போனாலும் டெரிக் மேடையேறி அவர்களைப் பற்றி இயைபு வைத்துப் பாட்டுச் சொல்வான். டெரிக் தலை நரைத்த டிரைவர், எர்னிக்கு உயிர்ச் சிநேகிதன். அவன் பாட்டு கவிதையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. வரிக்கு வரி கடைசிச் சொல் இன்னொரு கடைசிச் சொல்லோடு இடிக்க வேண்டும், போகிறவரின் மானம் கப்பலேற வேண்டும், அவ்வளவே சட்டம். மோசமான சொல் வரும் இடத்தில் அவன் வாயை மூடிக்கொள்வான். முந்தின வரி எப்படி முடிந்தது என்பது எல்லோர் காதிலும் இருக்குமே, மிச்சத்தைக் கூட்டம் கத்தும்.

நார்மன் ஓய்வு பெற்ற அன்று,

"ஸ்டாப்பு வந்தும் நிக்காம நார்மன் பஸ்ஸு பறக்கும்,
நார்மன் சாக்ஸைக் கழட்டிப்புட்டா நாலு தெரு நாய்..."

"இறக்கும்!" என்று கூரை அதிர்ந்தது. நார்மன் சிரித்துச் சிரித்து அழுதான். அழாமல் என்ன செய்வான்? அந்த ஊரில் ஒருவன் முகத்துக்கு நேரே 'உன்மேல் பிரியமாக இருக்கிறேன்' என்று சொல்வதைவிட ஓடும் பஸ்ஸின் முன்னால் பாய்வான். கேலி செய்தால்தான் நீ அவர்களுடைய ஆள்.

டெரிக் மேடையேறினான். கையில் ஓர் உறை. பெரில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் சமையலைச் சொல்வான், என் வாயைச் சொல்வான், எப்படியும் எர்னியைச் சொல்லியாக வேண்டும். சொல்லுடா, எவ்வளவு அசிங்கமாக வேண்டுமானாலும் சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினாள். எர்னியின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த அந்த டெரிக், அன்று முதல் அவளைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறான்.

உறையிலிருந்து அவன் ஒரு வாழ்த்து அட்டையை எடுத்தான். கடையில் வாங்கியது. முகப்பில் ரோஜாப்பூ.

"பூப்போல உன் வாழ்வு மலரட்டும்,
பொன்போல ஒவ்வொரு நாளும் புலரட்டும்."

படித்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே அட்டையைப் பெரிலிடம் நீட்டினான். எல்லோரும் மெதுவாகக் கைதட்டினார்கள். மொய்ரா மூக்கை உறிஞ்சினாள்.

நாளைக்குப் பெரில் கடலோர ஊரான ஸ்கார்பரோவில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். இன்றைக்கு இந்த அறையில் எர்னி இல்லையென்றால் இனி எங்கேயும் இல்லை. அவள் எழுந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டார்கள்.

"நானும் ஒண்ணு கட்டியிருக்கேன்" என்றாள். கட்டவில்லை. நின்ற நிலையில்தான் கட்டினாள்.

"காலம் பூரா எர்னி ஓட்டுனது டவுனுக்குப் போற வண்டி,
உக்காந்து உக்காந்தே அகலமாச்சு எர்னியோட..."

நிறுத்தினாள்.

யாரோ கண்ணாடிக் குவளையை மெதுவாக மேசையில் வைத்தார்கள். அந்தச் சொல் ஒவ்வொருவர் தொண்டையிலும் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. நார்மன் உதட்டைக் கடித்துக்கொண்டான். மொய்ரா அவள் கையைப் பிடித்து, "உக்காரு கண்ணு, போதும்" என்றாள்.

"விடுடி." பெரில் கையை உதறினாள். "என்ன, எல்லாருக்கும் நாக்கு செத்துப்போச்சா? அவன் இருந்தப்போ இந்த ரூமுல அதைப் பத்திப் பேசாத ஆளு உண்டா? டெரிக்கு, இங்க பாரு. எர்னியோட...?"

டெரிக்கின் கழுத்தெல்லாம் சிவந்துபோனது. அவன் பதில் சொல்லப் போவதில்லை, கதவைப் பார்த்து ஓடப்போகிறான் என்றே அவள் நினைத்தாள்.

"குண்டி" என்றான் டெரிக். பாதிக் குரல்தான் வந்தது.

"கேக்கல."

"குண்டி!" என்று அவன் அலறினான். அலறும்போதே கண்ணீர் வழிந்தது. உடனே அறையே "குண்டி! எர்னியோட குண்டி!" என்று மேசைகளைத் தட்டிக் கத்தியது.

"அந்த ஆளு என் காருல உக்காந்து ஸ்பிரிங் போச்சு!" என்றான் நார்மன்.

"எர்னி இருந்தா இந்நேரம் எந்திரிச்சுத் திரும்பிக் காட்டியிருப்பான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெயர் வாய்க்கு வாய் பறந்தது. பெரில் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டாள்.

"நான் வேற பாட்டுதான் கட்டுனேன்" என்றான் டெரிக், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "உங்க ரெண்டு பேரப் பத்தியும். நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன். நானும் தாங்க மாட்டேன்னு."

"ஞாபகம் இருக்கா?"

"வரி விடாம இருக்கு."

"அப்புறம் எதுக்குடா ரோஜாப்பூவ நீட்டுற? சொல்லு."

டெரிக் தொண்டையைச் செருமினான்.

"பெரில் போட்ட ட்யூட்டிச் சீட்டு பேய்க்குக்கூட ஆகாது,
பெரில் சுட்ட கேக்கைத் தின்னா எர்னிக்கு ஒரு வாரம்..."

"போகாது!"

"ஒரு வாரமா?" பெரில் அத்தனை பேருக்கும் மேலாகக் கத்தினாள். "பத்து நாளுடா! பத்து நாளும் கக்கூஸ்ல உக்காந்துக்கிட்டு என்னைத் திட்டுவான்!" சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாத ஏதோ ஒன்று அவளை மடக்கிப் போட்டது. நாற்காலியில் விழுந்து, மேசையில் முகம் பதித்து, "இன்னும் சொல்லு" என்றாள்.