தொடாமலே விழுகிறவர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஓர் இயக்குநர் படத்துக்குக் கதை கேட்டார். கராத்தே பள்ளி, ஆம்பளைத் திமிர், ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கணும், வெளியே வந்த பிறகு உறுத்தணும் என்றார். அந்த உலகம் எனக்குத் தெரியும் என்றேன். பதினான்கு மாதம் அங்கே உருண்டவன் நான். நாற்பத்தொரு வயதில் ஏன் போய்ச் சேர்ந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்காமல் இருந்தால் நல்லது.

(சரி. அலுவலக வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன் என் இடத்தில் காரை விட்டுவிட்டு, "என்ன இப்போ?" என்றான். நான் "ஒண்ணுமில்லை" என்றேன். அன்று மாலையே சேர்ந்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "மாஸ்டரின் கை காற்றைக் கிழித்தது." கோடு போட்டு அடித்துவிட்டேன். அன்று கிழிந்தது அவருடைய அக்குள் தையல்.

இரண்டாவது: "வலிதான் ஆம்பளையின் தாய்மொழி என்பார் மாஸ்டர். அந்த மொழியில் அவர்" – இதுவும் வேண்டாம். மாஸ்டர் பேசியதை அப்படியே எழுதினால் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள்.

மூன்றாவது: ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு கூடம். நீல ரப்பர் பாய், ஊறிப்போன வியர்வை நாற்றம், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நம் தவறை நாமே பார்த்துத் திருத்திக்கொள்வதற்காக அது. நாங்கள் பதினோரு ஆண்களும் அதில் எங்கள் புஜங்களைத்தான் பார்த்தோம். இது இருக்கட்டும்.

3

மாஸ்டர் எப்போதும் நேராகத்தான் பார்ப்பார். பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். ஆம்பளை கழுத்தை ஆட்ட மாட்டான் என்பது அவர் தத்துவம்.*

*கழுத்தெலும்புத் தேய்மானம். மாத்திரை அட்டையை அவர் பையில் பார்த்தவர்கள் உண்டு.

எங்களில் ஒரு வங்கி ஊழியர், இரும்பு முஷ்டி வேண்டும் என்று சுவரில் குத்திக் குத்தி விரல்களை வீங்க வைத்துக்கொண்டார். மூன்று வாரம் மனைவிதான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். அதைப் பெருமையாக எங்களிடம் சொன்னார். நாங்கள் கைதட்டினோம்.

ஆனால் படத்தின் உயிர் இதிலெல்லாம் இல்லை. மாஸ்டரிடம் ஒரு பெரிய வித்தை இருந்தது. நாலடி தூரத்தில் நின்று உள்ளங்கையை நீட்டி ஒரு கத்து கத்துவார். எதிரே நிற்பவன் தொடாமலே விழுவான். உணர்வுள்ள உடம்பு விழும், கட்டை நிற்கும் என்பார். யாருக்குத்தான் கட்டையாக இருக்க ஆசை? முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வங்கி ஊழியர் மல்லாந்து கிடந்தார். நானும் கொஞ்சம் தாமதமாக விழுந்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து கத்துவதற்கு முன்பே விழப் பழகிக்கொண்டேன்.

மாஸ்டரை ஏமாற்றுக்காரர் என்று எழுதினால் எனக்கு வசதி. கேவலம் என்னவென்றால், அவர் அதை மனதார நம்பினார். நாங்கள்தான் நம்ப வைத்திருந்தோம்.

4

இனி அக்கா. முப்பத்துநாலு வயது. ஐம்பதைத் தாண்டியவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வருடமாக, கறுப்புக்கு ஒரு படி கீழே, அதே பழுப்பு பெல்ட். மாஸ்டர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் வகுப்பு எடுப்பவள் அவள், அவர் நிறைய டீ குடிப்பவர். அந்தக் கூடத்தில் உண்மையாக அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கறுப்பு பெல்ட்டும் மாஸ்டரின் கையெழுத்தும் கிடைத்தால் அவள் தனியாகப் பள்ளி தொடங்கலாம். துணி ஆலையில் வேலை பார்க்கும் இருபது பெண்கள் அவளிடம் கற்றுக்கொள்ளக் காத்திருந்தார்கள். பொம்பளைக்கு என்ன அவசரம் என்று ஐந்து வருடம் இழுத்தடித்த மாஸ்டர், ஆறாவது வருடம் தேர்வுக்குச் சம்மதித்தார். கடைசிச் சோதனை அந்த வித்தைதான். அவள் விழ வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வுக்கு முந்தின நாள் என்னிடம் கேட்டாள்: "சார், அவர் கை நீட்டும்போது உங்களுக்கு நிஜமாவே ஏதாவது தெரியுதா?"

"லேசா," என்றேன்.

"அப்படியா," என்று மட்டும் சொன்னாள்.

இந்த இடத்தில் இயக்குநருக்குச் சந்தேகம். ஆறு வருடம் காத்திருந்தவள் ஒரு நொடி விழுந்து எழ மாட்டாளா, ஒரு சோகமான பழைய கதை வையுங்கள் என்கிறார். எனக்கும் அவளைப் புரியவில்லை. புரியாதது என் கோளாறு என்று இப்போது நினைக்கிறேன்.

5

அவள் நின்றாள்.

மாஸ்டர் மறுபடி கத்தினார். மூன்றாம் முறை குரல் பிசிறியது. "மாஸ்டர், எனக்கு ஒண்ணும் வரலை," என்றாள், அவருக்காக வருத்தப்படுவது போல.

முடிவு அ. இயக்குநர் சொன்னது. "ரைட்டர், அவ ஒரே ஒரு உதை விடட்டும், தியேட்டர் கிழியும்." கிழியும்தான். வெளியே வந்த ஆம்பளைகள் எல்லாரும் தங்களை அக்காவாக நினைத்துக்கொண்டு வண்டியை எடுப்பார்கள்.

முடிவு ஆ. நான் எழுதியது. மாஸ்டர் கண்ணாடி முன் உட்கார்ந்து அழுகிறார். அழுகிற ஆம்பளைக்கு விருது நிச்சயம். நிஜ மாஸ்டருக்குக் கண் கூடக் கலங்கவில்லை.

முடிவு இ. நடந்தது. எனக்கும் அன்று தேர்வு, வரிசையில் அடுத்தவன் நான். மாஸ்டர் முழு உடம்போடு என் பக்கம் திரும்பினார். கை பாதிதான் உயர்ந்தது. நான் விழுந்தேன். இரண்டு முறை உருண்டேன். என் வாழ்நாளிலேயே சிறந்த விழுதல் அது.

"பாத்தியா? என் கை சரியாத்தான் இருக்கு. கட்டை நீதான்," என்று மாஸ்டர் அவளிடம் சொன்னார்.

அவள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள். குனிந்து எனக்குக் கை கொடுத்தாள். "அடி பட்டுதா சார்?" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அவளுக்கு பெல்ட் இல்லை. எனக்குப் பச்சை கிடைத்தது. அந்த இருபது பெண்களும் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

6

இயக்குநர் முடிவு கேட்டு நச்சரிக்கிறார். ஏழு பிரதி எழுதிவிட்டேன். எந்தப் பிரதியிலும் அக்கா விழ மாட்டேன் என்கிறாள், அவளைப் பற்றிக் கவலையில்லை. எந்தப் பிரதியிலும் என்னை நிற்க வைக்கவும் முடியவில்லை. நிற்பது போல் ஒரு முறை எழுதினேன், எனக்கே சிரிப்பு வந்தது.

ஆகவே வரிசையில் என் இடத்தைக் காலி செய்கிறேன். வாருங்கள், செருப்பை வெளியே விடுங்கள். பாய் கொஞ்சம் ஈரமாக இருக்கும். பக்கத்தில் அக்கா நிற்கிறாள். மாஸ்டர் முழு உடம்போடு உங்கள் பக்கம் திரும்புகிறார்.

கை பாதிதான் உயர்ந்திருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது.