செத்தவர் மேல் போட்ட பழி

தையல் ஆலையின் பின்வாசல் வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. தீப்பிடித்தபோது உள்ளே இருந்த பெண்கள் அந்தக் கதவு வரைக்கும் வந்துசேர்ந்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வழியில்லை. ஆலையின் மேலாளரும் அவர்களோடுதான் கிடந்தார். அவர் கையில் ஒரு இரும்புக் கம்பி. கதவின் உட்புறம் முழுக்க அந்தக் கம்பியால் இடித்த பள்ளங்கள்.

இந்த வழக்கு அரசு வழக்கறிஞரான ஒரு பெண்ணிடம் வந்தது. நீதிமன்ற வட்டாரத்தில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர். கடித்தால் பிடியை விடமாட்டாள் என்பதால் வைத்த பெயர். வைத்தவர்கள் எதிர்த்தரப்பு வக்கீல்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

கூண்டில் ஏறிய ஆலை முதலாளி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"போர்டுல என் பேர் இருக்குதுங்க, அவ்வளவுதான். ஆலைப் பக்கம் நான் போறதே அபூர்வம். எல்லாத்தையும் மேலாளர்தான் பார்த்துக்கிட்டாரு. கதவைப் பூட்டச் சொன்னதும் அவர்தான். பாவம், அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மேலாளரின் மனைவி.

"வெளிய பூட்டச் சொல்லிட்டு அவரே போய் உள்ள நின்னாராங்க?"

நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். முதலாளியை யாரும் எதுவும் சொல்லவில்லை.

இடைவேளையில் மேலாளரின் மனைவி வராந்தாவில் வழக்கறிஞரைப் பிடித்துக்கொண்டாள். "எங்க தெருவுல நாலஞ்சு வீட்டுல பொண்ணுங்க போயிருக்குங்கம்மா. நான் தெருவுல இறங்கினா எல்லாரும் வீட்டுக்குள்ள போயிடுறாங்க. புருஷனையும் பறிகொடுத்துட்டு, கொலைகாரன் பொண்டாட்டின்னு பேரும் வாங்கணுமா நான்?"

"அந்தப் பழியை நான் துடைக்கிறேன்க்கா" என்றாள் வழக்கறிஞர். சொன்ன பிறகுதான், வக்கீல்கள் தரக்கூடாத வாக்கு அது என்பது உறைத்தது.

முதலாளிக்கு உடம்பு சரியில்லை என்று ஜாமீன் கிடைத்தது. அடுத்து, சிகிச்சைக்கென்று பாஸ்போர்ட்டும் திரும்பக் கிடைத்தது. அவ்வளவுதான், ஆள் பறந்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாத வழக்கு மூலைக்குப் போனது. கட்டெறும்பு சும்மா இருப்பாளா? பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க யார் சொன்னது என்று கேட்டு மனுப் போட்டாள். அந்த மனு விசாரணைக்கு வருவதற்குள் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது: வெளிநாட்டுத் தூதரகத்தில் சட்ட ஆலோசகர்.

அவள் கணவர் பல் மருத்துவர். உத்தரவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஆடுற பல்லை நாங்க பிடுங்குவோம். ஆடாத பல்லை இவங்க தங்கத் தட்டுல வச்சுப் பிடுங்குறாங்க."

"எந்த நாடுன்னு பார்த்தீங்களா?"

பார்த்தார். முதலாளி போய்ப் பதுங்கியிருந்த அதே நாடு. கணவர் தன் கிளினிக்கை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெட்டி கட்டினார். போன இடத்தில் அவர் படிப்பு செல்லாது என்றார்கள். இன்னொரு டாக்டரிடம் உதவியாளராக நின்று கருவிகளைக் கழுவினார். அதைப் பற்றி வீட்டில் நகைச்சுவையாகவே பேசினார். அது அவளை இன்னும் சுட்டது.

தூதரகத்தில் அவள் முதலில் எழுதியது, அந்த முதலாளியை ஒப்படைக்கக் கோரும் விண்ணப்பம். அது தூதரின் மேசையிலேயே தூங்கியது. ஒரு நாள் மாலை, தூதரகத் தோட்டத்தில் வரவேற்பு. கம்பளமும் விளக்குமாக அமர்க்களப்பட்டது. பழச்சாறு கோப்பையோடு அவள் திரும்பினாள். எதிரே முதலாளி நின்றார். உடம்புக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தூதர் அவர் தோளில் கை போட்டிருந்தார்.

"அடடே, நம்ம வக்கீலம்மா!" என்றார் முதலாளி. "சௌக்கியமா? இந்த ஊர்க் குளிர் ஒத்துக்குதா?"

அவள் கோப்பையை வைத்துவிட்டுத் தூதரைத் தனியே அழைத்தாள். "சார், இவர் மேல பிடிவாரண்டு இருக்கு. அதை அனுப்புனது நம்ம அரசாங்கம். நாமளே கூப்பிட்டு விருந்து வைக்கிறோம்?"

"மெதுவா, மெதுவா. இந்த நாட்டோட முதலீட்டு ஒப்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். அவர் இங்க பெரிய ஆளுங்களைத் தெரிஞ்சு வச்சிருக்காரு. நீங்க இப்ப அரசு வக்கீல் இல்லம்மா, ராஜதந்திரி. கொஞ்சம் சிரிங்க."

"பொணத்து மேல நின்னுக்கிட்டு எப்படி சார் சிரிக்கிறது?"

தூதரின் சிரிப்பு நின்றது. மறுநாள் காலை அவள் ராஜினாமாவைக் கொடுத்தாள். மாலைக்குள் ஏற்றுக்கொண்டார்கள். அரசாங்கத்தில் அவ்வளவு வேகமாக ஒரு வேலை நடந்து அவள் பார்த்ததே இல்லை.

அதே நகரத்தில் சர்வதேச வழக்குகளை நடத்தும் ஒரு பெரிய சட்ட நிறுவனம் அவளைச் சேர்த்துக்கொண்டது. துறைமுகக் குத்தகைத் தகராறு, மூழ்கிய கப்பலின் காப்பீடு, இரண்டு நாடுகள் அடித்துக்கொண்ட எரிவாயுக் குழாய் என்று எல்லாவற்றையும் பார்த்தாள், ஜெயித்தாள், கொஞ்ச காலத்தில் பங்குதாரரும் ஆனாள். "பங்காளிங்க எல்லாம் நல்லா இருக்காங்களா? இன்னும் சண்டை வரலையா?" என்று கணவர் தினமும் கேட்பார்.

சண்டை வந்தது. கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறைக்கு மூத்த பங்குதாரர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பெரிய வாடிக்கையாளர் வந்திருக்கிறார், அவளைத்தான் வேண்டுமென்று கேட்கிறார் என்று தகவல். போனால் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் வக்கீலம்மா. என்னை எதிர்த்தே அந்தப் போடு போட்டீங்க. என் பக்கம் நின்னா எப்படி இருக்கும்னு யோசிச்சேன்."

அவள் உட்காரவில்லை. பதில் வணக்கமும் சொல்லவில்லை. வந்த வழியே வெளியே போனாள். மூத்த பங்குதாரர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்னங்க இது? எரிஞ்ச ஆலையோட நிலத்தை உங்க நாடு பஸ் டெப்போவுக்கு எடுத்துக்கிச்சாம். இவர் இப்ப இந்த நாட்டுக் குடிமகன். முதலீட்டு ஒப்பந்தப்படி வெளிநாட்டு முதலீட்டாளர். நஷ்டஈடு கேட்கிறாரு. வக்கீல்னா டாக்ஸி மாதிரி, யார் ஏறினாலும் போகணும்."

"டாக்ஸிக்காரனே அடிபட்டவனைப் பார்த்தா வண்டியை நிறுத்துவான் சார். இடிச்சவனை ஏத்திக்கிட்டுப் போய்த் தப்பிக்க வைக்க மாட்டான். இவரை எதிர்த்து வழக்கு நடத்தின ஆள் நான். நான் இங்க இருக்கிறவரை இந்த நிறுவனம் இவர் வழக்கைத் தொட முடியாது. நீங்க எழுதின விதிதான்."

விதி விதிதான். முதலாளி வேறொரு நிறுவனத்துக்குப் போனார். ஆனால் அதற்குப் பிறகு நல்ல வழக்குகள் அவள் மேசைக்கு வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஒரு நாள் அவளே தன் பெயர்ப் பலகையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

சர்வதேச நடுவர் மன்றத்தில் முதலாளி போட்ட மனு எல்லோரும் பார்க்கும்படி வெளியானது. அதைப் படித்தபோது அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஒப்பந்தம், தொழிலை நேரடியாக நடத்தியவருக்குத்தான் பாதுகாப்புக் கொடுத்தது. அதனால் முதலாளி எழுதியிருந்தார்: ஆலையின் ஒவ்வொரு அன்றாட முடிவும் தன்னுடையதே, தன்னைக் கேட்காமல் அங்கே எதுவும் நடந்ததில்லை.

மேலாளரின் மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் அவள் கேட்டாள்:

"அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு. காசுன்னதும் எல்லாம் ஞாபகம் வந்துருச்சா?"

விமானம் ஏறித் தாய்நாட்டுக்குப் போன வழக்கறிஞர், சட்டத் துறைச் செயலர் அறையில் நின்றாள். அரசுக்காகத் தானே வாதாடுகிறேன் என்றாள். செயலர் பேனாவை உருட்டினார்.

"ஏதாவது கொடுத்து முடிச்சுக்கலாம்னு மேலிடத்துல நினைக்கிறாங்கம்மா. எதுக்கு வம்பு?"

"பொண்ணுங்களைப் பூட்டி வச்சு எரிச்ச ஆளுக்கு, அந்தப் பொண்ணுங்க கட்டின வரியிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போறீங்களா? சரி, கொடுங்க. நான் வாசல்ல நின்னு பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு இதையேதான் சொல்வேன்."

தொல்லை விட்டால் போதுமென்று வழக்கைக் கொடுத்தார்கள். நடுவர் மன்றத்தில் எதிர்த்தரப்பு அவள் வரக்கூடாது என்று ஆட்சேபித்தது. எங்கள் கட்சிக்காரரின் ரகசியம் அவளுக்குத் தெரியும் என்றார்கள். அவளுடைய பழைய மூத்த பங்குதாரரே வந்து, அவள் அந்த அறையில் உட்காரக்கூட இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த ஒரு உண்மைக்காக அவரை அவள் மன்னித்தாள்.

மூன்று நடுவர்கள், நீண்ட மேசை, தண்ணீர்க் குவளைகள். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தாள்.

"ஆலையில துணி வாங்குறது யார் முடிவு?"

"என் முடிவு. ஒரு ஊசி வாங்கணும்னாலும் என்கிட்டதான் வரணும்."

"ஆள் சேர்க்கிறது?"

"நான்தான்."

"மேலாளர்?"

"அவர் சம்பளக்காரர். சொன்னதைச் செய்வார்."

"பின்வாசலைப் பூட்டினது?"

அவருடைய வக்கீல் எழுந்தார். தலைமை நடுவர் கையமர்த்தி, பதில் சொல்லச் சொன்னார். இல்லை என்றால் நஷ்டஈடு போச்சு. ஆமாம் என்றால் என்ன ஆகும் என்பதை முதலாளி அவ்வளவாக யோசித்ததாகத் தெரியவில்லை. இத்தனை வருடம் யாரும் அவரைத் தொட்டதில்லையே.

"என் ஆலை, என் கதவு. துணி திருட்டுப் போகுதுன்னு நான்தான் பூட்டச் சொன்னேன். இதுல என்ன தப்பு?"

அடுத்த கேள்வியை அவள் யோசித்துக் கேட்கவில்லை. தொண்டையிலிருந்து தானாக வெடித்தது. "அப்புறம் ஏன்யா செத்தவர் மேல பழி போட்டே? கம்பியால இடிச்சு இடிச்சுச் செத்த மனுஷன்யா அவர்! அவர் பொண்டாட்டி தெருவுல நடக்க முடியாம கிடந்தாளே!"

தலைமை நடுவர் அவளைக் கண்டித்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள்.

சட்டத்தை மீறி நடத்திய ஆலைக்கு நஷ்டஈடு இல்லை என்று மன்றம் மனுவைத் தள்ளியது. அவர் வாயாலேயே சொன்னது பதிவாகிவிட்டதால், மூலையில் கிடந்த குற்ற வழக்கு எழுந்து நின்றது. இழுத்தடித்துப் பார்த்த அந்த நாடும் கடைசியில் அவரை ஒப்படைத்தது.

தீர்ப்பு நாளில் மேலாளரின் மனைவி முன் பெஞ்சில் இருந்தாள். பூட்டியதில் மேலாளருக்கு எந்தப் பங்கும் இல்லை, அவர் மற்றவர்களைக் காப்பாற்ற முயன்று இறந்தார் என்று நீதிபதி வாசித்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு தண்டனையை வாசித்தார். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம். சில வருடச் சிறை. சிறையில் இருந்த காலம் கழிக்கப்படும்.

அவள் அழுகை நின்றது. "அவ்வளவுதானா?"

வழக்கறிஞருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இந்தச் சட்டத்துல அவ்வளவுதான்க்கா இருக்கு."

"அத்தனை பேரை எரிச்சதுக்குப் பேர் கவனக்குறைவா? எழுதினவங்க வீட்டுல பொண்ணுங்களே இல்லையா?"

மகள்களைப் பறிகொடுத்த பெண்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வந்து மேலாளர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவில் முகம் கொடுத்துப் பேசாதவள். "வா, போகலாம்" என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்தாள்.

இது கவனக்குறைவு அல்ல, கொலை என்று வழக்கறிஞர் அந்த வாரமே அரசை மேல்முறையீட்டு மனுப் போட வைத்தாள். தண்டனை அதிகம் என்று முதலாளியும் போட்டிருக்கிறார். இரண்டும் நிலுவையில் இருக்கின்றன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தத் தெருப் பெண்கள் ஒன்றாக வருகிறார்கள். தள்ளிவைக்கும்போதெல்லாம், யாருடைய அனுமதியும் இல்லாமலே, எதற்காகத் தள்ளிவைக்கிறீர்கள் என்று சத்தமாகக் கேட்கிறார்கள்.