தண்ணீர்ப் பூச்சியின் வயிறு

மூன்றாவது தடவையும் என் மீன்குஞ்சுகள் செத்து மிதந்தன.

மார்க்கையன்கோட்டையில் எங்கள் வாழைத்தோட்டத்தை ஒட்டி, முல்லையாற்றுத் தண்ணீரை நம்பி நான் பிடிவாதமாக வெட்டிய குளம் அது. "நம்ம பவுனு, மீன் வளத்து மதுரைக்கு அனுப்பப் போறாக" என்று ஊரே கேலி செய்தது. இந்தக் குஞ்சும் தேறாவிட்டால் குளத்தை மூடிவிடுவதாக என் வீட்டுக்காரர் சுருளிராஜன் சொல்லியிருந்தார்.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதல் சில நாள் தவிட்டைத் தொடாது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் பொடிப் பூச்சிகளைத்தான் தின்னும். பூச்சி குறைகிறதே, சாணம் விட்டால் பெருகும் என்று கரைத்து ஊற்றினேன். பிறகு, ஆற்றோடு பூச்சியும் வரட்டும் என்று மதகை முழுக்கத் திறந்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. அதற்கப்புறம்தான் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன.

ஆற்றை நாசமாக்கிவிட்டார்கள் என்று, ஆற்றுக்கு மேலே இருக்கிற ஊர்க்காரர்களையும் சுற்றுலா வருகிறவர்களையும் வாய் வலிக்கத் திட்டினேன். ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரை மொண்டுகொண்டு, கல்லூரியில் விலங்கியல் படிக்கும் அண்ணன் மகள் சினேகாவிடம் போனேன்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். பூச்சிக்குக் கண்ணாடி போன்ற உடம்பு. இதயம் துடிப்பதுகூடத் தெரிந்தது. வயிற்றில் நீலத் தூள் அடைத்திருந்தது.

"பிளாஸ்டிக்கு அத்த. தீனின்னு நெனச்சுத் தின்னுருக்கு. வயிறு ரொம்பிட்டா வேற திங்காது. முட்டையும் இல்ல பாருங்க. பூச்சி பெருகலைன்னா குஞ்சு என்னத்தத் திங்கும்?"

அந்த நீலம் எனக்குத் தெரியும். காயில் வடு விழாமல் இருக்க வாழைத்தார் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் மாட்டுகிற நீல பிளாஸ்டிக் உறை. தார் வெட்டியதும் அதைக் கிழித்து, மதகுக்குச் சற்று மேலே ஆற்றங்கரையில் குவித்துவிடுவோம். ஐப்பசி வெள்ளம் கரையைத் துடைத்துக்கொண்டு போகும். எட்டு வருஷமாக அதைத்தான் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்டு இருந்து வருதுன்னு தெரியுமா அத்த?"

"தெரியலத்தா" என்றேன். அவ்வளவு கேவலமாக நான் ஒரு பொய் சொன்னதில்லை.

வீட்டுக்குக்கூடப் போகாமல் கரையில் கிடந்ததை அள்ளப் போனேன். வெயிலில் வெந்த உறை கை பட்டதும் அப்பளமாக நொறுங்கி மண்ணோடு கலந்தது. அந்த மண்ணை எப்படி அள்ளுவது? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஒற போடலைன்னா யாவாரி தாரத் தொடமாட்டாரு. ஆத்தோரத் தோட்டம் அம்புட்டும் இதத்தான செய்யிது. நம்ம ஒருத்தர் நிறுத்துனா ஆறு சரியாயிருமா?"



தை மாதம் குளத்தை மண் போட்டு மூடி, அதிலும் வாழை வைத்தோம். மீன்குஞ்சு நீந்திய இடத்தில் முதல் தார் இன்று தள்ளி நிற்கிறது. அவர் ஏணியில் ஏறி, கீழே கையை நீட்டினார்.

"ஒறைய எடு பவுனு."

எடுத்துக் கொடுத்தேன்.