ஆயிலுக்கு ஒரு தனிக்கதை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. வீடு தேடி வந்து கதவைத் தட்டியது. தட்டியவர் ஆயிலின் மனைவி.

ஆயில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக். கையில் எப்போதும் எண்ணெய் டப்பா, வாயில் எப்போதும் "சரிங்க". இரண்டுமே வழுக்கும், அதனால் அந்தப் பட்டப்பெயர். (வைத்தது யார் என்று கேட்காதீர்கள். பொருந்துகிறதா இல்லையா?)

போன மாதம் ஒரு பத்திரிகையில் என் கதை வந்தது. எங்கள் மூன்றாம் மாடித் தையல்காரம்மாவின் சாவைப் பற்றியது. தைத்து முடித்த துணிகளை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு, லிஃப்ட் கதவை முழங்கையால் ஒதுக்கி, உள்ளே காலை வைத்தார். உள்ளே லிஃப்ட் பெட்டி இல்லை. அது தரைத்தளத்தில் நின்றது. பெட்டி வராமல் திறக்கக் கூடாத கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதையின் வில்லன், கட்டடச் சங்கத்துச் செயலாளர். எந்தப் பழுதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பவர். அவருக்கு நாலு பக்கம் கொடுத்தேன். ஆயிலுக்கு ஒரே வரி: "பராமரிப்பு அட்டையில் இனி வரப்போகும் ஐந்து மாதத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வைத்த தீர்க்கதரிசி."

தெருவே அந்த வரியைத்தான் பாராட்டியது.

2

"நீங்க எழுதினது பொய்யின்னு சொல்ல வரலக்கா," என்றார் ஆயிலின் மனைவி. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். "கையெழுத்துப் போட்டது அவருதான்."

"அப்புறம் என்னம்மா?"

"எம் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல தீர்க்கதரிசி மகளேன்னு கூப்பிடுறாங்க. நாளைக்கு மழை வருமான்னு கேக்குறாங்களாம்."

சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடித்து அடக்கினேன்.

"அந்த வாரம் அவரு லிஃப்டை நிறுத்தித்தான் வச்சிருந்தாரு. 'லிஃப்ட் ஓடாது'ன்னு போர்டு மாட்டியிருந்தாரு. அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாமில்ல?"

"நிறுத்தின மனுஷன் எதுக்குத் திரும்ப ஓட்டினாரு?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கிறாரு. அப்போ யாரோ பக்கத்துல நின்னாங்களாம். யாருன்னு கேட்டா, 'சுவிட்சைப் போட்டது என் கைதானே, அடுத்தவங்களை ஏன் இழுக்கணும்'ங்கிறாரு. திங்கக்கிழமை விசாரணை. செயலாளர் போர்டே மாட்டலைன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. லைசென்ஸ் போச்சுன்னா இவருக்கு வேற தொழில் தெரியாதுக்கா. உள்ள தள்ளினாலும் தள்ளுவாங்களாம்."

அவசர அவசரமாக, "தனிக்கதையாவே எழுதிடறேன்மா," என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

3

துணை வில்லனுக்குத் தனிக்கதை உண்டா?

பெரிய வில்லனைப் பற்றிக் கவலையில்லை. அவருக்குக் காரணம் இருக்கும், பேராசை இருக்கும், கடைசியில் நல்ல வசனமும் இருக்கும். சின்ன வில்லனுக்கு நாம் தருவது ஒரு அடையாளம் மட்டும்: திக்குவாய், வெற்றிலைக் கறை, எண்ணெய் டப்பா. அவன் சாவியைத் திருப்புவான், வண்டியை ஓட்டுவான், "சரிங்க" என்பான். அவனை அதிகம் பேசவிட்டால் ஆபத்து. தன்னிடம் அந்த வேலையைச் சொன்னது யார் என்று சொல்லிவிடுவான். சொன்னவர்கள் பட்டியல் செயலாளரோடு நிற்க வேண்டுமென்று சட்டமா என்ன?

(இந்தப் பத்தியை அடித்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன்.)

4

முதல் தொடக்கம்: "ஆயிலின் அப்பா சிறுவயதிலேயே—" வேண்டாம். அப்பாவைக் கொன்று இரக்கம் சம்பாதிப்பது பழைய வியாபாரம். விசாரித்தேன், அப்பா நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார்.

இரண்டாம் தொடக்கம்: "நாற்பது லிஃப்டுக்கு ஒரே ஆள். எந்த மாதம் எங்கே வர முடியும் என்று தெரியாததால், வந்த அன்றே வராத மாதங்களுக்கும் கையெழுத்துப் போட்டார்." இது உண்மை. ஆனால் இதைப் படித்ததும் அவர்மேல் கோபம் குறையவில்லை. குறையவும் கூடாது.*

மூன்றாம் தொடக்கம்: "வியாழக்கிழமை மதியம் ஆயில் தரைத்தளத்தில் அந்தப் போர்டைக் கழற்றியபோது, பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றது—"

இது இப்போதைக்கு இப்படியே கிடக்கட்டும்.

நாலாவது: "லிஃப்ட் நின்றுபோனதால் நாலாம் மாடியிலிருந்து யாரோ செயலாளருக்கு மூன்று முறை போன் போட்டார்கள்." இந்த 'யாரோ' பாத்திரம் சரியாக உருவாகவில்லை. குரல் இருக்கிறது, முட்டிவலி இருக்கிறது, முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

* எழுதி முடித்தபின் சேர்த்தது: என்மேலும் குறைய வேண்டாம்.

5

சரி. நான்தான்.

முட்டிவலி என்னுடையது, காய்கறிப் பை என்னுடையது, மூன்று போனும் என்னுடையது. மூன்றாவது போனில், "மாடிப்படியிலயே என் உசிரு போயிடும், அப்ப வந்து மாலை போடுங்க," என்றேன். செயலாளர் "பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். அதிசயம், அன்று பார்த்தும்விட்டார்.

ஆயில் வந்து போர்டைக் கழற்றினார். கழற்றியதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, மூணாவது மாடிக் கதவுப் பூட்டு தேஞ்சு போச்சு. பெட்டி இல்லாமலே திறக்குது. புதுசு வர ரெண்டு நாளாகும்."

"எனக்கு நாலாவதுதானேப்பா."

"அதில்லக்கா..."

"செயலாளரே போடச் சொல்லியாச்சு. உன்னைப் பத்தி அவர்கிட்ட இன்னொரு தடவை பேசட்டுமா?"

"சரிங்க."

சுவிட்சைப் போட்டார். நான் மேலே போனேன். போகும் வழியில் மூன்றாம் மாடியில் தையல் மிஷின் சத்தம் கேட்டது.

ஆயிலைக் கழுவித் துடைத்து நல்லவராக்கவும் நான் தயாரில்லை. அந்தக் கதவை மட்டும் ஒரு கம்பியால் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. கட்டவில்லை. அடுத்த கட்டடத்தில் அவசரமாம். நானும் ஒரு கதவைத் தட்டி, "ஜாக்கிரதைம்மா," என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஊரார் விஷயமெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவள், இந்த ஒன்றைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அந்தம்மா துணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

6

இன்று ஞாயிறு. ஆயிலின் மனைவி வந்தார். மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் கொடுத்தேன். ஐந்தாவதை இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா."

"பத்திரிகைக்கு அனுப்பட்டுமா?"

"எதுக்கு? நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. இதையே வாயால சொல்லுங்க."

"அங்கெல்லாம்... எனக்குக் கூட்டத்துல பேச வராதும்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தெருவில் என் வாயிலிருந்து இப்படி ஒரு வசனத்தை யாரும் கேட்டதில்லை.

"உங்களுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

7

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவதில் போகிறேன், சொல்கிறேன். ஆயிலுக்குப் பாதி தண்டனை, எனக்குப் பாதி. அழகாக இருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டாவதில் முட்டிவலி அதிகமாகிப் படுத்துவிடுகிறேன். அவர் உள்ளே போகிறார். நான் அவர் மகளைப் பற்றி ஒரு உருக்கமான கதை எழுதுகிறேன். இது நிச்சயம் நன்றாக வரும். அதுதான் பயமாக இருக்கிறது.

மூன்றாவது, முடிவை உங்களிடமே விட்டுவிடுவது. எங்கள் தொழிலில் இதற்கு மரியாதை உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல்.

லிஃப்டுக்கு சீல் வைத்துவிட்டார்கள். நாளை எங்கே போவதானாலும் படி இறங்கித்தான் ஆக வேண்டும். மூன்றாம் மாடியில் தையல்காரம்மாவின் கணவர் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போகிற வருகிற எல்லோரையும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எங்க, கிளம்பிட்டீங்களா?" யாரோடாவது பேச வேண்டுமே என்று கேட்பது.

"கடைக்கு" என்றால் தலையாட்டிவிட்டுத் தெருவைப் பார்ப்பார். இன்னொன்றைச் சொன்னால் எழுந்து நிற்பார். அங்கே என்ன சொல்லப் போறீங்க என்று கேட்பார். விசாரணைக்கு முன்னால் அவரிடம்தான் நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

எதைச் சொல்லட்டும்?