அந்தோணியார் காணாமல் போன நாள்

எங்கள் தெரு நெனித்தாவுக்கு ஏ.டி.டி. என்ற கவனக்குறைபாடு இருப்பதாக இலோய்லோ நகரத்து டாக்டர் சொன்னபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, மூளையின் வாகே அப்படி என்றார். ஜீப்னி வண்டியில் அழுதுகொண்டே வந்தவள், இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.

அவளுடைய அம்மா ஹெர்மீனியா இதை நம்பவில்லை. மகள் தொலைத்த குடை, சாவி, ஒரு தடவை மாப்பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் புனித அந்தோணியாரிடம் முழந்தாளிட்டே பழகியவள். "மனசு வெச்சா எல்லாம் ஞாபகம் இருக்கும்டி" என்றாள்.

மனசு வைத்துக் காட்டுவதற்காகவே, வண்ணம் பூசக் கொடுத்திருந்த அந்தோணியார் சிலையைத் திருவிழாவுக்குக் கொண்டுவரும் பொறுப்பை நெனித்தா கேட்டு வாங்கினாள். மூன்று சக்கர வண்டியில் சிலையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கோயில் வாசலில் இறங்கியபோது கையில் சூடான பிபிங்கா பணியாரம் இருந்தது. புனிதர் இல்லை.

பேண்டு வாத்தியம் நின்றது. தொலைந்ததைத் தேடித் தரும்படி வேண்ட முழந்தாளிட்ட கிழவிகள், தொலைந்ததே அவர்தான் என்று உறைத்ததும் எழுந்துகொண்டார்கள். இதற்கு வேறு புனிதர் உண்டா என்று ஒருத்தி விசாரித்தாள். பாதருக்கும் தெரியவில்லை.

எப்போதும் மன்னிப்புக் கேட்டு அழும் நெனித்தா அன்று அழவில்லை.

"மனசு வெச்சேம்மா. வழியெல்லாம் அவரு நெனப்புதான். பணியார வாசம் வந்துச்சு, அவ்வளவுதான். இதுக்கு மேல வைக்க எங்கிட்ட மனசு இல்ல."

ஹெர்மீனியா மகளை உற்றுப் பார்த்தாள். பிறகு பணியாரத்தைப் பிட்டுத் தின்றாள்.

"தேங்கா தூக்கலா இருக்கு. சந்தை முக்குக் கடை. வா."

ஊர்வலம் மொத்தமும் அவர்கள் பின்னால் போனது. பணியாரக் கடைக்கு அடுத்த முடிதிருத்தகத்தில், காத்திருப்பவர்கள் வரிசையில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி நின்றிருந்தார் அந்தோணியார். ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லி நெனித்தாதான் விட்டுப்போனாளாம். ஈரப் பெயிண்டில் முடி ஒட்டிவிடக் கூடாதென்று கடைக்காரர் துணி போர்த்தியிருக்கிறார்.

அந்த வருஷம் ஊர்வலம் அங்கிருந்தே கிளம்பியது. நடக்கும்போது ஹெர்மீனியா தணிந்த குரலில் கேட்டாள்: "அந்த டாக்டர் வேற என்னடி சொன்னாரு?"

நெனித்தா சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே நடந்தாள்.